பார்க்காமல் சொன்ன பச்சை

அன்புள்ள மகன் தம்பிக்கு,

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை நீ மெல்பேர்னில் இருந்து வந்து இறங்கியதும் உன் மோட்டார் சைக்கிளை எடுக்காதே. முன் பிறேக்கின் கைப்பிடி ஒடிந்துபோகும் நிலையில் இருக்கிறது. பற்றரியும் செத்துவிட்டது. குளிரால் வந்த பழுது இல்லை இது; இரண்டுக்கும் காரணம் நான். இந்த நாலு வரியை மட்டும் வாசித்துவிட்டு மிச்சத்தை மூடிவைத்தாலும் எனக்குப் போதும். மனம் வந்தால் மெதுவாக வாசி. தமிழ் வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும் என்று தெரியும். இதை எழுத எனக்கும் நேரம் எடுத்தது.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனை எடுத்தால் என் வாய் தானாகவே பொய் சொல்லப் பழகிவிட்டது, அதனால்தான் கையால் எழுதி, அம்மாவைக் கொண்டு படமெடுத்து உனக்கு அனுப்புகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. வருகிற கலைவிழா மலருக்காகத் தமிழ்ப் பள்ளியில் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். கல்யாணம் கட்டப்போகும் பிள்ளைகளுக்கு ஒரு தகப்பன் சொல்லும் புத்திமதியாக இருக்க வேண்டுமாம். "மாஸ்டர், நீங்கள் எழுதினால்தான் பிள்ளையள் கேட்பினம்" என்றார்கள். உன் கல்யாணத்துக்கும் மூன்று மாதம்தான் இருக்கிறது, பொருத்தமாக இருக்கும் என்று திங்கட்கிழமை காலை மேசையில் உட்கார்ந்தேன். "உண்மை பேசு" என்று முதல் வரி எழுதினேன். அதற்குமேல் பேனை ஓடவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதைத் தொடங்கினேன்.

மே மாதக் கடைசியில், நீ வேலைக்காக மெல்பேர்ன் புறப்படுவதற்கு முதல்நாள், கராஜுக்குள் அரை நாள் நின்று அந்தச் சைக்கிளை ஒரு குழந்தையைப் படுக்கவைப்பது போல ஒழுங்குபடுத்தினாய். பெற்றோல் தாங்கியை நிரப்பி, அதற்குள் ஏதோ மருந்து ஊற்றினாய். சங்கிலிக்கு எண்ணெய் பூசினாய். பக்கவாட்டு ஸ்ராண்டுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு வைத்தாய். பற்றரியில் அந்தச் சின்னச் சார்ஜரை மாட்டிச் சுவரில் செருகி, அதன் விளக்கு பச்சையாகும்வரை பார்த்து நின்றாய். பிறகு ஒரு தாளில் எனக்காக நாலு வரி எழுதி ஒட்டினாய். மூன்று வரி ஆங்கிலத்தில் இருந்தது: சார்ஜரைக் கழற்ற வேண்டாம், சைக்கிளை அசைக்க வேண்டாம், அதன்மேல் ஒன்றும் வைக்க வேண்டாம். நாலாவதைத் தமிழில், உன் கோணல் எழுத்தில் எழுதியிருந்தாய்: "பச்சை என்றால் நல்லம். சிவப்பு என்றால் எனக்குச் சொல்லுங்கோ." நீ தமிழில் எனக்கு எழுதிய கடைசி வரி எதுவென்று யோசித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக் கட்டுரைகளுக்குப் பிறகு இதுதான்.

அந்தச் சைக்கிளை நீ வாங்கி வந்த நாளில் நான் வாசலுக்குக்கூட வரவில்லை. ஜன்னலுக்குள் நின்று, "இதிலை விழுந்தாயெண்டால் எனக்குப் போன் பண்ணாதை" என்றேன். அதைச் சொல்லி நாலு வருடமாகிறது. அப்படிச் சொன்னவனிடம் நீ அதை ஒப்படைத்துவிட்டுப் போனாய். விமான நிலையத்தில் என் தோளைத் தட்டி, "யூ ஆர் இன் சார்ஜ், அப்பா" என்றாய். வீட்டுக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரு பதவி கிடைத்த மாதிரி இருந்தது. அம்மாவைக் கேட்டுப்பார்.

நம் கராஜ் எப்படிப்பட்டதென்று உனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடிதத்தை வேறு யாரும் வாசிக்க நேர்ந்தால் அவர்களுக்குத் தெரியாது. சான்ட்ரிங்ஹாமில் நாங்கள் வீடு வாங்கிய நாளிலிருந்து அதற்குள் எங்கள் கார் ஒரு நாளும் நின்றதில்லை. தமிழ்ப் பள்ளியின் அறுபது பிளாஸ்டிக் கதிரைகள், மேடைத் திரை, பொங்கலுக்கு ஒருமுறை வெளியே வரும் பெரிய சமையல் கிடாரங்கள், யாரோ வீடு மாறியபோது "ஒரு கிழமைக்கு" என்று வைத்துவிட்டுப் போன கட்டில், பழைய பாடப்புத்தகப் பெட்டிகள், இவ்வளவும் அதற்குள்தான். செத்த வீடு, பிறந்தநாள், பூப்புனித நீராட்டு என எது நடந்தாலும் கதிரைக்கு ஆட்கள் நம் வீட்டுக்குத்தான் வருவார்கள். "மாஸ்டர் இல்லையெண்டு சொல்லமாட்டார்" என்பது இங்கே என் புகழ். அந்தப் புகழை நான் நிறையவே விரும்பினேன்.

நீ போய் மூன்றாம் கிழமை பவானி அக்கா வந்தா. கலைவிழாவில் விற்பதற்கு அறுநூறு மட்டன் ரோல் செய்து உறைய வைக்கப் போகிறாவாம். குடிபோன புது வாடகை வீட்டில் பெரிய பிறீசருக்கு இடமில்லையாம். "மாஸ்டர், உங்கடை கராஜிலை ஒரு மூலை தந்தாப் போதும். ரெண்டே கிழமை" என்றா. கராஜில் மின்சாரம் செருக இரண்டு இடம்தான். ஒன்றில் எங்கள் சொந்தப் பிறீசர், மற்றதில் உன் சார்ஜர். நீட்டு வயர் ஒன்று இருந்தது. அதுவும் இரவல் போயிருந்தது. பவானி அக்கா நிற்க, பிறீசரைத் தூக்கி வந்த இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க, நான் உன் சார்ஜரைக் கழற்றினேன். உன் தாள் என் கண்ணுக்கு நேரேதான் ஒட்டியிருந்தது. முதல் வரியே அதுதான். இரண்டு கிழமையில் ஒரு பற்றரிக்கு என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொன்னேன். முப்பத்திரண்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவனுக்கு அதற்குப் பதில் தெரியாதா?

அடுத்த ஞாயிறு நீ போன் எடுத்தாய். சாப்பாடு, குளிர், வேலை எல்லாம் கதைத்து முடித்துக் கடைசியில், "லைற் கிறீனா இருக்கோ, அப்பா?" என்றாய். "ஓம் தம்பி, பச்சை" என்றேன். யோசிக்கவே இல்லை. கேட்டவனுக்கு அவன் விரும்பும் பதிலைக் கொடுப்பது எனக்கு அவ்வளவு சுலபமாக வந்தது. சோபாவின் மற்ற மூலையிலிருந்து அம்மா என்னைப் பார்த்தா. போனை வைத்ததும், "இஞ்சேருங்கோ, அதை நீங்கள் எப்பவோ கழட்டிப்போட்டியள். பிறகென்ன பச்சை?" என்றா. "நாளைக்குப் போட்டுவிடுறன், சும்மா அவனை ஏன் கலவரப்படுத்துவான்" என்றேன். அம்மா, "கலவரம் அவனுக்கில்லை, உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. பதினொரு ஞாயிறு நீ கேட்டாய். பதினொரு தரம் நான் பச்சை என்றேன். ஒரு தரமேனும் எழுந்து கராஜுக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. ரோல்கள் இரண்டு கிழமையில் போகவில்லை. கலைவிழா தள்ளிப்போனது, ரோல்களும் இருந்தன, நானும் கேட்கவில்லை.

ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், நல்ல மழை. அறுபதாம் பிறந்தநாள் ஒன்றுக்குக் கதிரை எடுக்க ராசன் வான் கொண்டு வந்தார். முன்பு பஸ் ஓட்டிய நம் ராசன்தான். கதிரை அடுக்குகள் உன் சைக்கிளுக்குப் பின்னால். பிறீசர் வந்ததால் மற்றப் பக்க வழி அடைபட்டிருந்தது. "மாஸ்டர், சைக்கிளைக் கொஞ்சம் அரக்குவம். நான் பின்னாலை தள்ளுறன், நீங்கள் ஹாண்டிலைப் பிடியுங்கோ" என்றார். அசைக்க வேண்டாம் என்பது உன் இரண்டாவது வரி. நான் இடது பக்கம் நின்று ஹாண்டிலைப் பிடித்தேன். நிமிர்த்தியபோது ஸ்ராண்டுக்குக் கீழிருந்த பலகை சறுக்கியது. அவ்வளவு பாரம் என்று நான் நினைக்கவில்லை, தம்பி. அது என் கையிலிருந்து அந்தப் பக்கம் சாய்ந்து பொங்கல் கிடாரத்தின்மேல் விழுந்தது. கோயில் மணியை யாரோ கீழே போட்ட மாதிரி ஒரு சத்தம். அம்மா ஓடி வந்தா. ராசன் முதலில் என் காலைப் பார்த்தார், பிறகு கிடாரத்தைப் பார்த்தார். "கிடாரத்துக்கு ஒண்டுமில்லை" என்றார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

வலப்பக்கத்துக் கைப்பிடி, முன் பிறேக் பிடிக்கும் அந்தப் பிடி, உள்பக்கமாக வளைந்திருந்தது. ராசன் அதற்குள் ஒரு குழாயை விட்டு நிமிர்த்திவிட்டார். "இரும்புதானே மாஸ்டர். வளைஞ்சா நிமிரும்" என்றார். அது இரும்பில்லை, வார்த்த அலுமினியம் என்று எனக்குத் தெரியும். வகுப்பில் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு காகிதக் கிளிப் கொடுத்து வளைத்து நிமிர்த்தச் சொல்வேன். நாலாவது, ஐந்தாவது தரம் ஒடியும்போது அவர்கள் கத்துவார்கள். "நிமிர்ந்துவிட்டது என்பதற்காகப் பழையபடி ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள், உலோகத்துக்கு நினைவிருக்கிறது" என்று சொல்லிச் சிரிக்க வைப்பேன். கிளிப்பாவது நாலு தரம் தாங்கும். வார்த்த உலோகம் ஒரு தரமே தாங்காது. ராசன் போன பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். பிடியின் அடியில், தலைமயிர் தடிப்பில் ஒரு கோடு. விரல் நகத்தால் தடவினேன். நகம் தடக்கியது. அதன் பிறகு நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. உறையை இழுத்துச் சைக்கிளை மூடினேன். நீ மடித்துவிட்டிருந்த மாதிரியே ஓரங்களை மடித்துவிட்டேன். உள்ளே போய்க் கை கழுவினேன். அடுத்த நாள் ஞாயிறு. "பைக் ஓகேயோ?" என்றாய். "ஓம், சுகமா நித்திரை கொள்ளுது" என்றேன். நீ சிரித்தாய்.

போன ஞாயிறு உன் குரலில் இருந்த சந்தோஷம் இன்னும் காதில் இருக்கிறது. "சனி காலமை வாறன் அப்பா. வீட்டை வந்து குளிச்சிட்டு, பைக்கிலை துளசியையும் ஏத்திக்கொண்டு ஸ்ரெயிற்றா பிஹா. கடலைப் பாக்க வேணும்" என்றாய். பிஹாக் கடற்கரைக்கு இறங்கும் அந்தச் சரிவு எனக்குத் தெரியும். உன் சின்ன வயதில் அந்த வளைவுகளில் நீ வாந்தியெடுக்காத நாளில்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், பின்னால் நீ கட்டப்போகிற பிள்ளை, உன் வலக்கையில் அந்தக் கோடு விழுந்த பிடி. அப்போதும் நான், "சரி தம்பி, கவனமா வா" என்றுதான் சொன்னேன். போனை வைத்ததும் அம்மா எழுந்து போய்ச் சைக்கிள் திறப்பைக் கொளுக்கியிலிருந்து எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டா. "நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்" என்றா. மூன்று நாள் தவணை தந்தா. அதற்குள் எழுதுகிறேன்.

இனி, நாம் இருவரும் அறிந்த அந்தப் பயற்றங்கொட்டைக் கதைக்கு வருகிறேன். நீ பதினொரு வயதில் இருந்தபோது ஜாம் போத்தலுக்குள் ஈரத் தாளில் ஒரு கொட்டை வைத்து முளைக்கவிட்டாய். பதினாலு நாள், ஒவ்வொரு காலையும் அளந்து எழுதச் சொல்லியிருந்தார்கள். கடைசி நாள் காலை நான் உன் கொப்பியைப் பார்த்தேன். எல்லா நாளும் ஒரே பேனை. நாளொன்றுக்குச் சரியாக ஒரு சென்ரிமீற்றர். "எந்தச் செடியடா இவ்வளவு ஒழுங்கா வளருது?" என்று கேட்டேன். உன் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், உன் ரீச்சரிடம் அனுமதி கேட்டு, வகுப்புக்கு முன்னால் நிறுத்தினேன். "பார்க்காமல் எழுதினேன்" என்று நீ ஆங்கிலத்தில் சொன்னாய். உன் காது இரண்டும் சிவந்திருந்தது. அந்த ரீச்சருக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. உன்னைத் தட்டிக்கொடுத்து இருக்கச் சொன்னா. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். அதன் பிறகு எத்தனை பரிசளிப்பு விழாக்களில் இந்தக் கதையை நேர்மைக்கு உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன்! நீ முன்வரிசையில் இருந்து கேட்டிருக்கிறாய். ஒரு கட்டத்துக்குப் பிறகு விழாவுக்கு வருவதையே விட்டுவிட்டாய். பெரிய பிள்ளையாகிவிட்டான், அதுதான் வருகிறானில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கதையின் பாதியைத்தான் நான் மேடைகளில் சொன்னேன். மற்றப் பாதி உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நாட்களில் புதிதாக வந்த ஒரு குடும்பம், புருஷன் பெண்சாதி கைக்குழந்தையோடு, நம் வீட்டில் தங்கியிருந்தது. நான்தான் கூட்டி வந்தேன். உன் அறையைத்தான் கொடுத்தேன். நீ ஹோலில் மெத்தை போட்டுப் படுத்தாய். உன் ஜாம் போத்தல் அந்த அறை ஜன்னலில் இருந்தது. காலையில் குழந்தை நித்திரை, கதவு பூட்டு. செடியை அளக்கும் அடிமட்டத்தோடு நீ கதவுக்கு வெளியே நின்றதை நான் ஒரு நாள் கண்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் காருக்குள், "அறைக்குள்ளை போகேலாமல் இருந்தது, அப்பா" என்று அழுதாய். "சாட்டுச் சொல்லாதை" என்றேன். தம்பி, அது சாட்டில்லை. அது காரணம். ஒரு பிள்ளையின் இடத்தைப் பறித்து இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, இடமில்லாமல் அவன் செய்த பிழைக்கு அவனையே ஊரறிய நிறுத்தினேன். அதில் எனக்கு இரட்டைப் புகழ்: விருந்தோம்பியவன் என்றும் ஒன்று, நேர்மையாளன் என்றும் ஒன்று.

இப்போது கணக்கைப் பார். நீ பதினாலு நாள் பார்க்காமல் எழுதினாய். நான் பதினொரு கிழமை பார்க்காமல் சொன்னேன். உனக்குக் கதவு பூட்டியிருந்தது. எனக்கு எல்லாக் கதவும் திறந்திருந்தது. சோபாவிலிருந்து கராஜுக்கு இருபது அடி. உன் பொய்யால் ஒரு கொட்டைக்கும் கேடு வரவில்லை.

மலருக்குக் கேட்ட புத்திமதி என்று ஒன்று என்னிடம் இருந்தால், அது நான் வெட்கப்பட்டுப் படித்தது. உதவி கேட்டு யாரும் வாசலுக்கு வந்தால் கொடு. உன் அம்மாவும் நானும் இந்த நாட்டுக்கு வந்தபோது எங்களுக்கும் யாரோ ஒரு அறை கொடுத்தார்கள். ஆனால் கொடுப்பதற்கு முன், கொடுப்பது யாருடைய இடம் என்று பார். என் மேசையை, என் கட்டிலை நான் ஒருநாளும் கொடுத்ததில்லை. உன் அறை, அம்மாவின் குசினி, உன் சார்ஜரைச் செருகிய இடம் இவற்றைத்தான் கொடுத்தேன். வீட்டு ஆட்களுடையதைக் கேட்காமலே எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைத்துவிடுகிறோம். நாளை துளசியின் நேரத்தை, அவளின் ஓய்வை, நீ அப்படி எடுத்து யாருக்கும் கொடுத்துவிடாதே. மற்றது, இங்குள்ள ஈரத்தைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெட்டிக்குப் பின்னால் சுவரில் ஒரு காசளவு பூஞ்சணம் தெரியும்போதே துடைத்தால் ஒரு துணியோடு போய்விடும். பெட்டியைத் திரும்பத் தள்ளி மறைத்தால் சுவரையே உரிக்க வேண்டும். முதல் ஞாயிறு, "தம்பி, கழற்றிவிட்டேன், மன்னித்துக்கொள்" என்று சொல்லியிருந்தால் நீ ஐந்து நிமிடம் கோபித்திருப்பாய். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பயந்தேன்.

இனி நேற்றிலிருந்து செய்தவை. பவானி அக்காவுக்குப் போன் எடுத்துப் பிறீசரை எடுக்கச் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தரம் ஒருவருக்கு இல்லையென்று சொன்னேன். "என்ன மாஸ்டர், ரோல் ஒண்டும் தரேல்லை எண்டு கோவமோ?" என்று சிரித்துவிட்டு, மகனை அனுப்பி எடுத்துக்கொண்டு போனா. அவ்வளவுதான். இதற்கா இத்தனை மாதம்! கதிரைகளை வேறு இடம் பார்க்கும்வரை நம் ஹோலுக்குள் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறேன். "வீடு கலியாண மண்டபம் மாதிரி இருக்கு, ஐயரைத்தான் காணேல்லை" என்கிறா அம்மா. சைக்கிளின் உறையைக் கழற்றிவிட்டேன். விழுந்த கீறல்கள் எல்லாம் தெரிகின்றன. நீ வழக்கமாகப் போகும் மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. நீ வருவதற்குள் புதுப் பிடி போட்டு, புதுப் பற்றரி போட்டு, துடைத்து வைக்கலாம் என்று ஆசை வந்தது உண்மை. அதுவும் இன்னொரு உறைதான் என்று பட்டது. உள்ளபடியே நீ பார். என்ன செய்வதென்று நீ சொல். நான் செய்கிறேன்.

சனிக்கிழமை விமான நிலையத்துக்குக் காரில் வருகிறேன். உனக்கும் துளசிக்கும் கடல் பார்க்க வேண்டுமென்றால் பிஹாவுக்கு நானே கொண்டுபோய் விடுகிறேன். வழியெல்லாம் நீ என்னோடு கதைக்காமல் வந்தாலும் பரவாயில்லை. இந்தக் கடிதம் மலரில் வருவது உன் கையில் இருக்கிறது. உன்னை நான் வகுப்புக்கு முன்னால் நிறுத்தினேன். என்னை நிறுத்த உனக்கு உரிமை உண்டு. நீ வேண்டாமென்றால் இது நம் இருவரோடு இருக்கட்டும். ஆனால் பயற்றங்கொட்டைக் கதையை இனி எந்த மேடையிலும் பாதியாகச் சொல்லமாட்டேன்.

சார்ஜரைத் திரும்பச் செருகி, உன் தாளுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பள்ளிக் கொப்பியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். முதல் பதிவை மட்டும் உனக்கு எழுதி முடிக்கிறேன்.

புதன், காலை ஏழு மணி. நேரில் போய்ப் பார்த்தேன். சிவப்பு.

அப்பா